மார்த்தாவின் சாமான் புத்தகம்

செத்துப்போன புருஷனின் விளக்கைக் கல்லறைத் தோட்டத்துக்கு எடுத்துப்போக ஒருத்திக்கு யாருடைய அனுமதி வேண்டும்? உலகத்தில் எங்கேயும் யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ஆனால் மலாயாவில், லுக்குட்டிலிருந்து சுவாவுக்குப் போகிற சடக்கில் இருந்த ஒன்பதாங்கட்டை ரப்பர் தோட்டத்தில், ஐம்பத்திரண்டாம் வருஷத்தில், வீரமுத்துக் கங்காணியின் அனுமதி வேண்டியிருந்தது.

அது அவசரகாலம். தோட்டத்தின் நாலு மூலையிலும் கிடந்த லயங்களை முந்தின வருஷம்தான் காலி செய்து, எல்லாக் குடும்பங்களையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து அடைத்திருந்தார்கள். சுற்றிலும் இரண்டு வரிசை முள்வேலி. போகவர ஒரே ஒரு கேட். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாதாம். அதற்காகப் பால்வெட்டுக்குப் போகிற பெண்களின் தூக்குவாளியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்கள். வெறும் தேத்தண்ணீர் போகலாம். சீனி போட்டிருந்தால் தரையில் கொட்டினார்கள். கைப்பிள்ளைக்காரியின் இடுப்புத் துணியைக்கூட உதறச் சொன்னார்கள். இந்தக் கேட்டுக்குக் காவல்தலைவராகத் துரை நியமித்த ஆள்தான் வீரமுத்துக் கங்காணி.

நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள். காலை பத்து மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை வெளியே போய்வர அனுமதி கொடுத்திருந்தார்கள். செல்லம்மா தன் புருஷன் மணியத்தின் அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வந்தாள். மணியம் ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடக் கொண்டுபோகப்பட்டவன். அங்கேயே செத்தான், எங்கே புதைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. அப்படிச் செத்தவர்களுக்காகச் சாமியார் கல்லறைத் தோட்டத்தில் பொதுவாக ஒரு மரச்சிலுவை நட்டு வைத்திருந்தார். செல்லம்மா முருகன் பக்தை. ஆனாலும் தன் புருஷனுக்கென்று நாட்டில் யாரும் ஒரு சாண் இடம்கூட ஒதுக்காத நிலையில், அந்தச் சிலுவையடிதான் அவளுக்கும் இடம்.

விளக்கு போகக் கூடாது என்று கங்காணி சொல்லிவிட்டார். மண்ணெண்ணெய் இல்லை, திரி இல்லை, கண்ணாடியும் பாதி உடைந்தது என்று செல்லம்மா காட்டிப் பார்த்தாள். வெறும் கூடு என்றாலும் காட்டுக்காரனுக்கு உதவும், சட்டம் சட்டம்தான் என்றார். விளக்கை வாங்கிக் காவல்கூண்டு ஓரமாக வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். ஐம்பது வயதுப் பெண் வெறுங்கையோடு திரும்பி நடந்தாள்.

அவளுக்குப் பின்னால் வரிசையில் நின்றவள் மார்த்தா.

மார்த்தாவுக்கு அப்போது முப்பது வயது. தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் வேலை. புகைபோட்டுக் காய்ந்த ரப்பர் ஷீட்டுகளைச் சிப்பமாக அழுத்தியதும் அதன்மேல் தோட்டத்து முத்திரையைக் கறுப்பு மையில் அடிப்பதும், சிப்பத்தில் கட்டுகிற அட்டையில் மைப்பென்சிலால் நம்பர் எழுதுவதும் அவள் பொறுப்பு. அதிகம் பேசமாட்டாள். பேசாதவர்களுக்குக் கோபம் வராது என்று நினைப்பவர்கள் உண்டு. மார்த்தாவுக்கு அன்றைக்கு வந்த கோபத்தில் காது மடல்கூடச் சுட்டது. வரிசையை விட்டு விலகி விறுவிறுவென்று வீட்டுக்குப் போனாள்.

வேலிக்கால்களுக்குப் பூசிய சிமெண்டின் காலிப் பைகள் லயத்துக்குப் பின்னால் குவிந்து கிடந்தன. ஒன்றைக் கிழித்து உள்தாளை உதறி எடுத்தாள். ஸ்டோர் மையைத் தூரிகையில் தொட்டு, செல்லம்மாவின் விளக்கைத் தாள் நிறைய வரைந்தாள். கைப்பிடிக் கம்பியின் நெளிவு, அடியில் இருந்த சொட்டை, உடைந்த கண்ணாடி என்று ஒன்றும் விடவில்லை. கீழே மணியம் என்று எழுதினாள். அரைமணி நேரத்தில் செல்லம்மாவைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மறுபடி கேட்டில் வந்து நின்றாள்.

கங்காணி தாளை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். முகர்ந்துகூடப் பார்த்தார். விளக்கு போகக் கூடாது என்று சட்டத்தில் இருந்தது. விளக்குப் படம் போகக் கூடாது என்று இல்லை. விடத்தான் வேண்டியிருந்தது. செல்லம்மா அதைச் சிலுவையில் முள்குத்தி மாட்டிவிட்டு, வெயிலில் அதன் முன்னாலேயே உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் மற்றவர்களும் அதைக் கவனித்தார்கள். பக்கத்துக் கல்லறைகளில் புகைப்படம் வைத்து மாலை போட்டிருந்தார்கள். சயாமில் செத்தவர்களில் ஒருவருக்கும் புகைப்படம் கிடையாது. சண்டைக்கு முன்னால் தோட்டத்துக் கூலிக்கு யார் படம் எடுத்தார்கள்? நாற்பத்தெட்டில் அவசரகாலம் வந்ததும் அடையாளக் கார்டுக்காகக் கிழவன் குமரி பாக்கியில்லாமல் எல்லாரையும் வரிசையில் நிறுத்திப் படம் பிடித்தார்கள். உயிரோடு இருப்பவன்மேல் சந்தேகம் என்றால் படம் பிடிக்கக் கேமரா வருகிறது. செத்தவனை நினைத்துப் பார்க்க ஒரு படம் வேண்டுமென்றால் சிமெண்டுப் பைதான் கதி.

அன்று பிற்பகல் மழை பெய்து விளக்குப் படம் ஊறிக் கிழிந்துபோனது. மறுநாள் மார்த்தாவின் வீட்டு வாசலில் நாலு பெண்கள் நின்றார்கள். ஒருத்தி கையில் பல் உதிர்ந்த சீப்பு. இன்னொருத்தி கையில் ஒற்றைப் பூட்ஸ், பந்து விளையாடுவது. தங்கள் ஆளுக்கும் ஒன்று போட்டுத் தரச் சொல்லிக் கேட்டார்கள். மார்த்தா அவற்றை வாங்கி வைத்துக்கொண்டாள். ஒற்றைத் தாளாகப் போட்டால் மழைக்குத் தாங்காது, புத்தகமாகத் தைத்துவிடலாம் என்று அவளுக்குத் தோன்றியது. வருஷம் ஒருமுறை சிலுவையடியில் திறக்க வேண்டும், மற்ற நாட்களில் லயத்துக் கோயில் அலமாரியில் இருக்க வேண்டும். அந்தத் தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போனவர்கள் முப்பத்தேழு பேர். திரும்பியவர்கள் நாலு பேர். ஆக, முப்பத்து மூன்று பக்கங்கள்.

ஆளுக்கு ஒரு சாமான் என்று வைத்துக்கொண்டாள். அவன் கைபட்ட சாமானாக இருக்க வேண்டும். எப்படி இருக்கிறதோ அப்படியே வரைவாள், அழகு கூட்ட மாட்டாள். கீழே பெயர் மட்டும். லயத்து ஆட்கள் அதற்குச் சாமான் புத்தகம் என்று பெயர் வைத்தார்கள்.

ஸ்டோரில் கறுப்பு மை இருந்தது, சிப்பத்தில் பூசுகிற வெள்ளைக் கரைசல் இருந்தது. மற்ற நிறங்களை அவளே தேடிக்கொண்டாள். மஞ்சள், செங்கல்பொடி, துணிக்குப் போடும் நீலம், வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் குழைத்த சிவப்பு. வேலைவிட்டு வந்ததும் வாசலில் வெளிச்சம் இருக்கும்வரை வரைவாள்.

சாமான்கள் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. லயம் மாற்றிய அன்று ஒரு குடும்பத்துக்கு அரை லோரி இடம்தான் என்று சொல்லி, பட்டாளத்துக்காரர்கள் மிச்சத்தை எல்லாம் பள்ளத்தில் தள்ளி நெருப்பு வைத்தார்கள். எட்டு வருஷமாகப் பெட்டிக்குள் பொத்திப் பொத்தி வைத்திருந்த சட்டை, ஊதுகுழல், கோலிக்குண்டு எல்லாம் அதில் போயிற்று. குப்பையாம். யாருடைய குப்பை என்று ஒரு வார்த்தை கேட்டார்களா? அப்படிப் பறிகொடுத்தவர்கள் வந்து வாயால் சொல்ல, மார்த்தா கேட்டு வரைந்தாள். காமாட்சி என்கிற கிழவி தன் மகனின் காக்கிக் கோட்டுக்கு நாலு பித்தான் என்றாள், மருமகள் ஐந்து என்றாள். இரண்டு பேரும் மார்த்தாவின் வாசலிலேயே சண்டை போட்டு, மூன்று நாள் முகம் கொடுக்காமல் இருந்து, கடைசியில் கிழவியே வந்து ஐந்தாவது பித்தான் அறுந்துபோயிருந்தது என்று ஒப்புக்கொண்டாள். மார்த்தா ஐந்தாவது இடத்தில் நூலை மட்டும் வரைந்தாள். அதைப் பார்த்த மருமகள் அழுதுவிட்டாள்.

ஆம்புரோஸின் பக்கத்தை மட்டும் மார்த்தா தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள். ஆம்புரோஸ் அவள் புருஷன்.

அவன் தீப்பெட்டிப் படம் சேர்ப்பவன். சிரம்பான் போகிற ஆட்களிடமெல்லாம் சொல்லிவைத்து, காலித் தீப்பெட்டி வாங்கி, தண்ணீரில் ஊறவைத்து, மேல்படத்தை உரித்து உலர்த்துவான். யானை, கப்பல், சேவல், இரண்டு தலைக் கழுகு, நீராவி ரயில் என்று இருபத்தாறு படங்கள், வட்டமான சிகரெட் டின்னுக்குள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பாயில் வரிசையாக அடுக்கி, எந்தப் படம் யாரிடம் வாங்கியது என்று மார்த்தாவுக்குச் சொல்வான். நூறு தடவை கேட்ட கதையை நூற்றொன்றாம் தடவையும் அவள் கேட்பாள். அவனுக்குத் தெரியாமல் கரித்துண்டால் அந்தப் படங்களைப் பார்த்துப் போட்டுப் பழகித்தான் அவளுக்கு வரைய வந்தது. கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான் அந்தப் பாய் அப்படி இருந்தது.

நாற்பத்து மூன்றாம் வருஷம், மே மாதம். சயாமுக்கு ஆள் வேண்டுமென்று ஜப்பான்காரன் தோட்டத்துக்கு வந்தான். யார் போவது என்று அவனுக்கு என்ன தெரியும்? பெயர் எழுதிக் கொடுத்தவர் வீரமுத்துக் கங்காணி. காலையில் ஆள்கணக்கு எடுக்கிற பெரட்டில் எல்லாரும் நிற்க, மேசை போட்டு உட்கார்ந்து, பெயரைச் சத்தமாகச் சொல்லிச் சொல்லி எழுதினார். கையில் மைப்பென்சில். அது காய்ந்து இருக்கும்போது சாதாரணப் பென்சில் மாதிரிச் சாம்பல் நிறத்தில் எழுதும். ஈரம் பட்டால் ஊதாவாகி, பிறகு எதற்கும் அழியாது. எழுத்து நிலைக்க வேண்டும் என்பதற்காக ஒவ்வொரு பெயருக்கும் கங்காணி பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொண்டார். பத்தாவது பெயருக்குள் அவர் நாக்கு ஊதா. முப்பதாவது பெயருக்குள் உதடும் ஊதா. முப்பத்தேழு தடவை அந்த நாக்கு வெளியே வந்ததைப் பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவருக்குத் தலைக்கு உயர்ந்த இரண்டு மகன்கள் இருந்தார்கள். அந்த இரண்டு பெயருக்கு மட்டும் நாக்கு வெளியே வரவில்லை.

கடைசிப் பெயர் ஆம்புரோஸ். அவன் அன்றைக்கே ஓடி, தோட்டத்து எல்லையில் லாலாங் புல்லுக்குள் இரண்டு நாள் ஒளிந்துகொண்டான். கங்காணி மார்த்தாவிடம் வந்தார். மூன்று மாசம்தான், நாள் ஒன்றுக்கு ஒரு வெள்ளி சம்பளம், போகும் ரயிலே திருப்பிக் கொண்டுவரும் என்று மாரியம்மன்மேல் சத்தியம் செய்தார். வராவிட்டால் ஜப்பான்காரன் லயத்தையே கொளுத்துவான் என்றும் சொன்னார். இருபத்தொரு வயது மார்த்தா அதை நம்பினாள். அவளே போய்ப் புல்லோரம் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அவளுடைய குரலுக்காகத்தான் அவன் எழுந்து வந்தான். போகும்போது டின்னைத் திறந்து ரயில் படத்தை மட்டும் எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சயாம் ரயில் இது மாதிரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து சொல்வதாகச் சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைக்கும்போதெல்லாம் மார்த்தா தன்னைத்தான் முதலில் திட்டிக்கொள்வாள். கங்காணியைத் திட்டப் பத்து வருஷமாக அவளுக்கு வாய் வரவில்லை.

ஐம்பத்து மூன்று அக்டோபர் கடைசியில் ஆம்புரோஸின் பக்கத்தை வரைந்து முடித்தாள். பாயில் அடுக்கிய மாதிரி இருபத்தாறு கட்டம். இருபத்தைந்தில் படம். ஒரு கட்டம் காலி.

புத்தகத்தைப் பற்றித் துரையின் காதுக்கும் எட்டியிருந்தது. ஸ்டோருக்கு வந்தபோது நாலைந்து பக்கம் புரட்டிப் பார்த்துவிட்டு, சிரம்பானில் பெரிய ஆட்களுக்குக் காட்டவேண்டிய வேலை, கல்லறைத் திருநாளன்று நானும் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், மறுநாளே வீரமுத்துக் கங்காணி மார்த்தாவின் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு சின்னப் பெட்டி. இங்கிலாந்து ராணி பட்டம் சூடிக்கொண்ட வருஷம் அது. விசுவாசமாக உழைத்தவர்களுக்கு மெடல் கொடுத்தார்கள், கேட்டைக் காத்ததற்காகக் கங்காணிக்கும் ஒன்று கிடைத்திருந்தது.

"இந்தா மார்த்தா, மொதப் பக்கத்துல இது இருக்கணும். கீழ எழுதிக்க. இவங்க எல்லாரும் மனசார முன்வந்து சயாமுக்குப் போனவங்கன்னு எழுது. எம்பேரையும் போடு."

மார்த்தா தூரிகையைக் கீழே வைத்தாள். "மனசாரவா கங்காணியார்? அவரு ரெண்டு நாளு லாலாங்குல ஒளிஞ்சு கெடந்தது ஒங்களுக்குத் தெரியாதா?"

"பழசக் கிண்டாத புள்ள. எழுதுனா பாஸ் தரேன். எழுதலன்னா ஒரு காகிதம்கூட கேட்டத் தாண்டாது. இது எமர்ஜென்சி லா. முப்பத்து மூணு பேரு பேர ஒருத்தி எழுதி வச்சிருக்கான்னா, எதுக்குன்னு போலீஸ் கேக்கும்."

மெடலை அவள் மடியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். பெயரெழுதி அனுப்பியது அவர். இப்போது அதே பெயர்களை எழுதியதற்கு இவளுக்குப் போலீஸ். செத்தவன் வாயில்லாதவன் என்கிற தைரியம்தானே? மனசார முன்வந்தவர்கள் என்று கீழே எழுதிவிட்டால், நாளைக்குப் பேரப்பிள்ளை திறந்து பார்த்துவிட்டு, ஓ, இவர்கள் ஆசைப்பட்டுப் போய்ச் செத்தவர்கள் என்று மூடிவைத்துவிடும். முப்பத்து மூன்று குடும்பத்தின் ஒரு வருஷ வேலையையும் தன் முகத்தைத் துடைக்கிற துணியாகக் கேட்கிறார் இந்த மனிதர்.

செல்லம்மாவிடம் போய்ச் சொன்னாள். செல்லம்மா மென்றுகொண்டிருந்த வெற்றிலையைத் துப்பினாள். பிறகு, புத்தகம் வெளியே போகவில்லை என்றால் தன் புருஷனுக்கு இந்த வருஷம் ஒன்றுமில்லை, ஆனால் அந்த வரியோடு போவதற்குப் போகாமலே கிடக்கட்டும் என்றாள். மார்த்தா, பெயர் எழுதிய அன்று கங்காணி எந்த வரிசையில் பெயர்களைக் கூப்பிட்டார் என்பது நினைவிருக்கிறதா என்று மட்டும் கேட்டாள்.

நினைவில்லாமல் என்ன? முதல் பெயர் மணியம். செல்லம்மா முப்பத்தேழையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த காமாட்சிக் கிழவியும் கூடவே சொன்னாள். மார்த்தா தைத்திருந்த நூலைப் பிரித்து, பக்கங்களை அந்த வரிசைக்கு அடுக்கினாள்.

பிறகு முதல் பக்கத்துக்கென்று ஒரு வெற்றுத் தாளை எடுத்தாள். ஸ்டோரில் தினமும் அட்டையில் நம்பர் எழுதுகிற மைப்பென்சிலைச் சீவினாள். மெடலை வரைந்தாள். நன்றாகவே வரைந்தாள், ராணியின் கழுத்து வளைவு முதற்கொண்டு. சுற்றிலும் இருட்டாக வரும்படி தாளின் நாலு மூலைக்கும் பென்சிலை அழுத்தி அழுத்தித் தேய்த்தாள். கீழே மூலையில் மட்டும் தூள் உதிர்கிற அளவுக்குத் தேய்த்தாள். கங்காணி சொன்ன வரியையும் அவர் பெயரையும் அதே பென்சிலால் எழுதினாள். ஒரு சொட்டு ஈரம் படவிடவில்லை. பக்கம் முழுக்கச் சாம்பல் நிறத்தில் பளபளவென்று இருந்தது.

வீரமுத்துக் கங்காணி தாளைப் புரட்டினால் எப்படிப் புரட்டுவார் என்று தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். கேட்டில் அடையாளக் கார்டுகளைப் பார்க்கும்போதும், கோயில் கூட்டத்தில் நோட்டைப் படிக்கும்போதும், பெருவிரலை நாக்கில் நனைக்காமல் அவர் ஒரு தாளைத் தள்ளியதில்லை.

மெடலைத் திருப்பிக் கொடுத்து, புத்தகத்தைக் காட்ட அவள் கேட்டுக்குப் போனாள். இப்போது தொட்டால் கலைந்துவிடும், கல்லறைத் தோட்டத்தில் நீங்களே உங்கள் கையால் திறந்து எல்லார் பெயரையும் படியுங்கள், அதுதான் மரியாதை என்று தள்ளி நின்றே காட்டினாள். மெடல் படத்தைப் பார்த்ததும் கங்காணிக்கு வாயெல்லாம் பல். பாஸில் உடனே கையெழுத்துப் போட்டார்.

நவம்பர் இரண்டாம் தேதி வானம் மூடியிருந்தாலும் மழை இல்லை. மரச்சிலுவையின் அடியில் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, புத்தகத்தை வைத்திருந்தார்கள். சாமியார் ஜெபம் சொல்லி முடித்தார். துரை தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். பெண்கள் அரைவட்டமாகக் கூடி நின்றார்கள், எல்லார் கையும் வெறுங்கை. கங்காணி கோட்டு போட்டு, மெடலைக் குத்திக்கொண்டு முன்னால் வந்தார். முதல் பக்கத்தைத் திறந்து, மெடல் படத்தைத் துரைக்குத் தெரிகிற மாதிரித் தூக்கிப் பிடித்தார். மனசார முன்வந்து போனவர்கள் என்ற வரியைச் சத்தமாகப் படித்தார். கூட்டத்தில் ஒரு முணுமுணுப்பு எழுந்து அடங்கியது. மார்த்தா மேசைக்கு அந்தப் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

கங்காணி பெருவிரலை நாக்கில் நனைத்தார். பக்கத்தின் கீழ்மூலையில் அழுத்தித் தள்ளினார்.

"மணியம்," என்று படித்தார். அரிக்கேன் விளக்கு.

மறுபடி பெருவிரல் நாக்குக்குப் போனது. அடுத்த பெயர். ஒற்றைப் பூட்ஸ். மறுபடி நாக்கு. அடுத்த பெயர். பல் உதிர்ந்த சீப்பு. பெரட்டில் படித்த அதே உரத்த குரல், அதே பெயர்கள், அதே வரிசை. நாலாவது பெயருக்கு அவர் நாக்கை நீட்டியபோது அது ஊதாவாக இருந்தது. ஐந்தாவது பெயருக்கு உதட்டோரமும் ஊதா. அவருக்கு மட்டும் தெரியவில்லை. காமாட்சிக் கிழவி மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். ஆறாவது பெயர். ஏழாவது பெயர்.

"அன்னிக்கும் இப்பிடித்தான்," என்றாள் செல்லம்மா. கத்தவில்லை, பக்கத்தில் நிற்பவளிடம் சொல்வது போலத்தான் சொன்னாள். "இதே நாக்குதான்."

ஏழாவது பக்கத்தின் மூலையில் பெருவிரலை அழுத்தியபடியே கங்காணி நிமிர்ந்தார். எல்லாக் கண்ணும் தன் வாய்மேல் இருப்பதைப் பார்த்தார். பிறகு தன் பெருவிரலைப் பார்த்தார். கோட்டில் துடைத்தார், போகவில்லை. புறங்கையால் உதட்டைத் துடைத்தார், புறங்கையும் ஊதாவானது. என்ன நடக்கிறது என்று துரை கேட்டார். சயாமிலிருந்து திரும்பிய நாலு பேரில் ஒருவரான அமிர்தலிங்கம் அரைகுறை மலாயில் அவருக்கு விளக்கிச் சொல்லத் தொடங்கினார். பத்து வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வெள்ளைக்காரனின் காதில் அந்தப் பெரட்டுக் கதை விழுந்தது.

மார்த்தா புத்தகத்தைத் தன் பக்கமாக இழுத்தாள். முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். தையலோரம் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்து, மெடல் படத்தையும் வரியையும் கங்காணியின் கையில் வைத்தாள்.

"இது ஒங்க பக்கம் கங்காணியார். நீங்களே வச்சுக்குங்க. இங்க யாரும் மனசாரப் போகல. நீங்க எழுதி அனுப்புனீங்க. ஒங்க சத்தியத்த நம்பி நானும் கூப்புட்டுக் குடுத்தேன்."

பிறகு எட்டாவது பெயரிலிருந்து அவளே படித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டுக்காரி முன்னால் வந்து படத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். கடைசிப் பக்கம் வந்தபோது ஆம்புரோஸ் என்று படித்துவிட்டு, காலிக் கட்டத்தின்மேல் விரலை வைத்தாள்.

இதற்காகக் கங்காணியைத் தூக்கில் போட்டார்கள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். ஒன்றும் செய்யவில்லை. அவர் இன்னும் மூன்று வருஷம் அதே கேட்டில் அதே மெடலோடு நின்றார். தண்டனை கிடைத்தது மார்த்தாவுக்குத்தான். ஸ்டோர் பென்சிலைச் சொந்த உபயோகத்துக்கு எடுத்தாள் என்று சொல்லி, அந்த வாரமே ஸ்டோரிலிருந்து புல்வெட்டுக்கு மாற்றினார்கள். எவ்வளவு நியாயமான நிர்வாகம் பாருங்கள். அவள் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். பிறகு வேலியைப் பிடுங்கி, மெர்டேகா என்கிற சுதந்திரம் வந்து, தோட்டம் கைமாறி, அவளும் லுக்குட்டில் ஒரு தையல்கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒவ்வொரு நவம்பரிலும் பஸ் ஏறி வந்து அலமாரியைத் திறந்து புத்தகத்தை எடுத்துப் படித்தாள். எழுபத்தெட்டில் அவள் இறந்த பிறகு செல்லம்மாவின் மகள் படித்தாள்.

முதல் பக்கம் இருந்த இடத்தில் கிழிந்த ஓரம் இன்னமும் நூலில் தொங்குகிறது. அதற்கு அடுத்து வருகிற ஏழு பக்கத்திலும், விளக்கிலிருந்து தொடங்கி, கீழ்மூலையில் ஒரு பெருவிரல் ரேகை ஊதாவாகப் பதிந்திருக்கிறது. ஒரு வருஷம் யாரோ நல்லெண்ணத்தில் ஈரத்துணியால் அதைத் துடைத்துப் பார்த்தார்கள். துடைத்த இடத்தில் அது இன்னும் அழுத்தமாக ஏறிக்கொண்டது.